தம்பி கேஸும் சிபிஐயும்: ஒரு அக்காவோட லெட்டருக்கு பதில்

திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரு ஊரு வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால விஷயத்த மட்டும் சொல்றேன். 26 வயசு தம்பி, ஒரு மில்லுல ஸ்டோர்ஸ்ல வேலை. 14 மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் போன் வந்து வெளிய போனவன் திரும்பல. ரெண்டு நாள் கழிச்சு ஒரு தோட்டத்துக் கிணத்துல பாடி கிடைச்சிருக்கு. சின்ன வயசுல இருந்து கிணத்துல குதிச்சு நீந்துன பையன், பின்மண்டையில காயம், செல்போன காணோம். ஆனா ஸ்டேஷன்ல குடிச்சிட்டு தவறி விழுந்துட்டான்னு சொல்லி சந்தேக மரணம்னு போட்ட கேஸ மூடிட்டாங்க. எஸ்பி ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு, முதல்வர் தனிப்பிரிவு எல்லாம் அலைஞ்சு பாத்துட்டு கடைசியா சென்னையில சிபிஐக்கே மனு போட்டிருக்காங்க. அங்க இருந்து வந்த பதில் என்னன்னா, மாநில அரசோட சம்மதம் இல்லாம நாங்க விசாரிக்க முடியாது, மனுவ மாநில போலீசுக்கு அனுப்பி வச்சிருக்கோம். அது டிஜிபி ஆபீஸ், எஸ்பி ஆபீஸ்னு படிப்படியா இறங்கி கடைசியில கேஸ மூடுன அதே இன்ஸ்பெக்டர் டேபிளுக்கே வந்து சேந்துருச்சு. அவர் கூப்பிட்டு, என்னம்மா டெல்லி வரைக்கும் போயிட்டீங்களான்னு கேட்டாராம்.

கேள்வி அவங்க வார்த்தையிலயே: "சிபிஐங்கிறது இந்தியா பூராவுக்கும் உள்ள போலீஸ் தானே சார், அவங்க எதுக்கு மாநில அரசுகிட்ட கேக்கணும், எங்கள மாதிரி ஆளுங்கன்னா தான் சட்டம் பேசுவாங்களா? தெரிஞ்சவர் ஒருத்தர் மூணு லட்சம் குடுத்தா டெல்லியில சொல்லி மாத்தித் தர்றேங்கிறார், குடுக்கலாமா?"

அம்மா, முதல்ல அந்த மூணு லட்சம். குடுக்காதீங்க. அட்வான்சா அம்பதாயிரம் குடுத்திருந்தா இன்னைக்கே போய் திருப்பிக் கேளுங்க. ஒரு கேஸ் சிபிஐக்குப் போகணும்னா மாநில அரசு எழுதிக் குடுக்கணும், இல்ல ஹைகோர்ட்டோ சுப்ரீம் கோர்ட்டோ ஆர்டர் போடணும், உங்க மாதிரி கேஸ்ல மூணாவது வழியே கிடையாது. டெல்லியில யாரு யாருகிட்ட சொன்னாலும் இது மாறாது. சிபிஐ பேரச் சொல்லி வாட்ஸ்அப்ல வீடியோ கால் பண்ணி டிஜிட்டல் அரெஸ்ட்னு பணம் புடுங்குற கும்பல் வேற சுத்துது, அப்படி ஒரு அரெஸ்ட்டே சட்டத்துல இல்ல. அதனால அந்தப் பேரு காதுல விழுந்தாலே பர்ஸ மூடிக்கோங்க.

இப்ப உங்க மெயின் கேள்வி. இதுக்கு கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும், ஏன்னா சிபிஐ பொறந்த விதத்துல தான் பதில் இருக்கு, அது தெரிஞ்சா உங்களுக்கு வந்த பதில் மேல இருக்குற கோவம் பாதி குறையும்.

1941ல ரெண்டாம் உலகப் போர் நடந்துட்டு இருக்கு. பிரிட்டிஷ் சர்க்கார் ராணுவத்துக்கு கம்பளி, டெண்ட், மரம், சாப்பாட்டுச் சாமான்னு கோடிக்கணக்குல வாங்குது, வாங்குற இடத்துல எல்லாம் காண்ட்ராக்டரும் ஆபீசரும் சேந்து கொள்ளை. அதப் பிடிக்க யுத்த சப்ளை இலாகாவுக்குன்னு ஒரு சின்ன போலீஸ் பிரிவு போட்டாங்க, ஸ்பெஷல் போலீஸ் எஸ்டாப்ளிஷ்மென்ட்னு பேரு, தலைமை ஆபீஸ் லாகூர்ல, பொறுப்புல இருந்தவர் குர்பான் அலி கான். பிரிவினைல அவர் பாகிஸ்தான் பக்கம் போயிட்டார். ஆக ஒரு இலாகாவுக்குள்ள லஞ்சம் பிடிக்கப் போட்ட தற்காலிக ஏற்பாடு தான் ஆரம்பம். கொலை கேஸ் பாக்குறதுக்கும் இதுக்கும் அப்ப சம்பந்தமே இல்ல.

சண்ட முடிஞ்சுது, லஞ்சம் முடியல. அதனால 1946ல அதுக்கு ஒரு நிரந்தர சட்டம் கொண்டுவந்தாங்க, டெல்லி ஸ்பெஷல் போலீஸ் எஸ்டாப்ளிஷ்மென்ட் சட்டம். பேர்ல டெல்லின்னு இருக்குறத கவனிங்க, முடிச்சே அங்க தான். போலீஸ் அப்பவும் மாகாணத்தோட விஷயம், இப்பவும் மாநிலத்தோட விஷயம். மத்திய சர்க்கார் தன் கையில நேரடியா வச்சிருந்த டெல்லியில தான் தனக்குன்னு ஒரு போலீஸ் வச்சுக்க முடிஞ்சுது. அப்புறம் அந்த போலீஸ மத்த இடத்துக்கும் அனுப்பலாம்னு சட்டத்துலயே 5வது பிரிவு போட்டு, கூடவே 6வது பிரிவுல ஒரு பூட்டும் போட்டாங்க: எந்த மாநிலத்துக்குள்ள போகணுமோ அந்த மாநில அரசோட சம்மதம் வேணும். இன்னைக்கு வரைக்கும் சிபிஐ ஓடுறது இதே 1946 சட்டத்துல தான். சிபிஐக்குன்னு தனியா ஒரு சட்டம் பார்லிமென்ட்ல போடவே இல்ல. சட்டப்படி பாத்தா உங்க ஊருக்கு வர்ற சிபிஐ ஆபீசர், மாநிலத்தோட அனுமதியில வந்திருக்குற ஒரு டெல்லி ஸ்பெஷல் போலீஸ்காரர், அவ்வளவு தான். ஏழைன்னு உங்ககிட்ட மட்டும் சட்டம் பேசல, மந்திரி மேல கேஸுன்னாலும் இதே பூட்டு தான். (மந்திரிக்கு அந்தப் பூட்டு வசதியா இருக்கும், உங்களுக்கு இடைஞ்சலா இருக்கு, அது வேற கதை.)

சிபிஐங்கிற பேரு வந்தது 1963 ஏப்ரல் 1. ஏப்ரல் ஃபூல் ஜோக் எல்லாம் எங்க பார் ரூம்ல அடிச்சு அடிச்சு தேஞ்சு போச்சு. உள்துறை அமைச்சகம் ஒரு தீர்மானம் போட்டு பழைய ஸ்பெஷல் போலீஸ உள்ள சேத்து புது பேர் வச்சாங்க, முதல் டைரக்டர் டி.பி. கோலி. அப்ப உள்துறை மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. லஞ்சத்த எப்படி ஒழிக்கிறதுன்னு பாக்க அவர் காலத்துல தான் ஒரு கமிட்டி உக்காந்துச்சு, அதுக்குத் தலைவர் நம்ம தஞ்சாவூர் பக்கத்துக்காரர் கே. சந்தானம், 1964ல மத்திய விஜிலன்ஸ் கமிஷன் வந்ததே அந்தக் கமிட்டி சொல்லித்தான். கொலை, வெடிகுண்டு, பேங்க் மோசடின்னு பெரிய கேஸ் எல்லாம் சிபிஐ கைக்கு வர ஆரம்பிச்சது 60கள்ல தான், அதுக்கு முன்னாடி பெரும்பாலும் லஞ்ச கேஸ்.

வெறும் தீர்மானத்துல பேர் வச்சதுக்கு 50 வருஷம் கழிச்சு ஒரு ஆப்பு வந்துச்சு பாருங்க. அஸ்ஸாம்ல ஒரு டெலிபோன் இலாகா ஊழியர் மேல சிபிஐ கேஸ் போட, அவர் நீ யாருய்யா என் மேல கேஸ் போடன்னு கோர்ட்டுக்குப் போனார். 2013 நவம்பர் 6ம் தேதி கவுகாத்தி ஹைகோர்ட், அந்த 1963 தீர்மானம் ஒரு சட்டமே இல்ல, அத வச்சு ஆள அரெஸ்ட் பண்ற போலீஸ் படைய உருவாக்க முடியாதுன்னு தீர்மானத்தையே ரத்து பண்ணிட்டாங்க. நாடு பூரா சிபிஐ கேஸ்ல மாட்டுனவங்க எல்லாம் துள்ளிக் குதிச்சாங்க, எனக்கே அன்னைக்கு ராத்திரி ரெண்டு க்ளையண்ட் போன் பண்ணி, சார் நம்ம கேஸ் போச்சு தானேன்னு கேட்டாங்க. மூணு நாள் தான். 9ம் தேதி சனிக்கிழமை, கோர்ட் லீவு, தலைமை நீதிபதி சதாசிவம் (நம்ம பவானி பக்கத்துக்காரர் தான்) தன் வீட்டுலயே வச்சு மனுவ எடுத்து ஸ்டே குடுத்தார். அந்த ஸ்டேயில தான் வண்டி ஓடுது. அரசியல் சட்டத்துல மத்திய பட்டியல் 8வது ஐட்டத்துல இப்படி ஒரு புலனாய்வு அமைப்புக்கு இடம் இருக்கு, அத வச்சு ஒரு ஒழுங்கான சட்டம் போட்டுட்டா முடிஞ்சுது, ஆனா எந்தக் கட்சி ஆட்சியிலயும் போடல. ஏன் போடலன்னு என்கிட்ட கேட்டா, இப்படி நொண்டியா இருக்குறது தான் எல்லாருக்கும் தோதுன்னு சொல்லுவேன். 2008ல மும்பை தாக்குதல் நடந்த சூட்டோட சூடா தேசிய புலனாய்வு முகமைன்னு என்ஐஏவுக்கு தனிச் சட்டம் போட்டாங்க, அதுக்கு மாநில சம்மதம் தேவையில்ல. மனசு வச்சா முடியும்.

சரி, சம்மதம். முன்னாடி எல்லாம் மாநிலங்கள் பொதுவா ஒரு சம்மதம் குடுத்து வச்சிருக்கும், இன்ன இன்ன குற்றத்துக்கு எங்கள ஒவ்வொரு தடவையும் கேக்க வேண்டாம்னு. இது பெரும்பாலும் லஞ்ச கேஸ், மத்திய அரசு ஊழியர் கேஸுக்காக. மத்தியில ஒரு கட்சி மாநிலத்துல ஒரு கட்சின்னு சண்ட முத்த முத்த ஒவ்வொரு மாநிலமா அத வாபஸ் வாங்குச்சு, மேற்கு வங்கம் 2018ல, கேரளா 2020ல. தமிழ்நாடு வாபஸ் வாங்குனது 2023 ஜூன்ல. அதே வாரம் தான் அமலாக்கத்துறை இங்க ஒரு மந்திரிய அரெஸ்ட் பண்ணுச்சு, ஞாபகம் இருக்கும். உங்களுக்கு வந்த பதில்ல சம்மதம் இல்லைன்னு எழுதியிருக்குறது இதத்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்த வாபஸ் இல்லாம இருந்திருந்தாலும் உங்க மனுவுக்கு இதே பதில் தான் வந்திருக்கும். ஒரு தோட்டத்துக் கிணத்துல நடந்த சாவு முழுக்க மாநில போலீஸோட வேலை, சிபிஐ தானா வந்து எடுக்கவே எடுக்காது.

பொதுச் சம்மதம் இல்லைன்னா கதவே சாத்திப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. தனி கேஸுக்கு தனியா சம்மதம் குடுக்கலாம். 2025ல திருப்புவனத்துல கோயில் காவலாளி ஒருத்தர் போலீஸ் அடிச்சு செத்த கேஸ, பொதுச் சம்மதத்த வாபஸ் வாங்குன அதே அரசு தானே சிபிஐகிட்ட குடுத்துச்சு. எதிர்க்கட்சியா இருக்கும்போது எதுக்கெடுத்தாலும் சிபிஐ வேணும்பாங்க, ஆளுங்கட்சியானா எங்க போலீஸ் ஸ்காட்லாந்து யார்டுக்கு சமம்பாங்க, ரெண்டு கழகத்துக்கும் இந்த வசனம் மனப்பாடம்.

அடுத்தது கோர்ட். மேற்கு வங்கத்துல கார்பேட்டாங்கிற ஊர்ல 2001 ஜனவரியில நடந்த ஒரு துப்பாக்கிச்சூடு கேஸ்ல இருந்து வந்தது இது. மாநிலம் சம்மதிக்கலைன்னாலும் ஹைகோர்ட் சிபிஐ விசாரணைக்கு உத்தரவு போடலாமான்னு கேள்வி. 2010 பிப்ரவரி 17ல சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதி உக்காந்து, போடலாம், 6வது பிரிவு அரசுங்கள தான் கட்டுப்படுத்தும், கோர்ட்ட கட்டுப்படுத்தாதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா அதே தீர்ப்புலயே, கட்சிக்காரர் லோக்கல் போலீஸ் மேல குத்தம் சொல்றார்ங்கிறதுக்காக மட்டும் போடக்கூடாது, அபூர்வமா, ஜாக்கிரதையா, விதிவிலக்கான கேஸ்ல தான்னும் எழுதி வச்சாங்க. இல்லைன்னா சிபிஐல கேஸ் மலையா குவிஞ்சு முக்கியமான கேஸ கூட ஒழுங்கா பாக்க முடியாம போயிடும்னு காரணமும் சொன்னாங்க. மாஜிஸ்ட்ரேட்டால சிபிஐக்கு உத்தரவு போடவே முடியாது, அது 2001லயே தீர்ந்துபோன விஷயம், ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் மட்டும் தான்.

உங்க கேஸ் மாதிரியே ஒண்ணு இருக்கு. ராணுவத்துல மேஜரா இருந்த ஒரு பையன், 2003 ஆகஸ்ட்ல மதுரா ரயில்வே ஸ்டேஷன்ல பொணமா கிடந்தார். ரயில்வே போலீஸ் விபத்து இல்ல தற்கொலைன்னாங்க, ராணுவம் தற்கொலைன்னு சொல்லுச்சு. அவரோட அப்பா சகிரி வாசு, என் மகன் அங்க நடந்த ஊழலத் தெரிஞ்சுக்கிட்டான், அதான் கொன்னுட்டாங்க, சிபிஐ வேணும்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். குடுக்கல. 2007 டிசம்பர்ல வந்த அந்த சகிரி வாசு தீர்ப்ப இன்னைக்கும் நாங்க வாரத்துக்கு ஒரு தடவையாவது கோர்ட்ல சொல்லுவோம், இல்ல எங்களுக்கு எதிரா சொல்லுவாங்க. அதுல கோர்ட் சொன்ன வழி என்னன்னா, ஸ்டேஷன்ல கேஸ் எடுக்கலையா, எஸ்பிக்குப் போ, அவரும் அசையலையா, மாஜிஸ்ட்ரேட்கிட்ட போ, விசாரணை சரியில்லைன்னாலும் மாஜிஸ்ட்ரேட் அத கண்காணிக்கலாம், எடுத்த எடுப்புல ஹைகோர்ட்டுக்கு ஓடி வராத.

இதச் சொன்னா மனசு விட்டுப்போகும்னு தெரியும். ஆனா இன்னொண்ணையும் சொல்லணும். சிபிஐ வந்தா உண்மை வந்துரும்னு நாம நினைக்கிறது பாதிக்கு மேல சினிமா பாத்து வந்த நம்பிக்கை. மத்திய ரயில்வே மந்திரி எல்.என். மிஸ்ரா 1975 ஜனவரியில சமஸ்திபூர்ல குண்டு வெடிச்சு செத்தார், சிபிஐ கேஸ், தீர்ப்பு வந்தது 2014 டிசம்பர்ல. மந்திரிக்கே 39 வருஷம். நொய்டாவுல ஆருஷிங்கிற பொண்ணு வீட்டுலயே கொலையான கேஸ் 2008ல சிபிஐ கைக்கு வந்துச்சு, ஒரு டீம் வேலைக்காரங்க மேல சந்தேகம்னாங்க, அடுத்த டீம் பெத்தவங்க மேலன்னாங்க, கடைசியில ஆதாரம் பத்தலைன்னு மூடச் சொல்லி ரிப்போர்ட் போட்டாங்க. கோர்ட் அத ஏத்துக்காம விசாரிச்சு பெத்தவங்களுக்கு ஆயுள் தண்டனை குடுக்க, 2017ல அலகாபாத் ஹைகோர்ட் விடுதலை பண்ணிருச்சு. அந்தப் பொண்ண யாரு கொன்னாங்கன்னு இன்னும் தெரியல. அங்க மொத நாளே சம்பவ இடத்துல கண்டவங்களும் நடமாட விட்டு தடயத்த பாழாக்கியாச்சு, அப்புறம் யாரு வந்து என்ன பண்ண?

மாறா நம்ம ஊர்ல ஜெயிச்ச கேஸ பாருங்க. ராஜீவ் காந்தி கொலையில சிபிஐ சிறப்புக் குழு கார்த்திகேயன் தலைமையில சென்னையில மல்லிகைங்கிற கட்டடத்துல உக்காந்து வேலை பாத்துச்சு, எல்லாம் சரி, ஆனா அந்தக் கேஸோட உயிர்நாடி ஸ்ரீபெரும்புதூர்ல குண்டு வெடிச்ச இடத்துலயே செத்துக்கிடந்த போட்டோகிராபர் மேல இருந்த, கொலையாளிங்க படம் பதிவான கேமரா. அத ஒருத்தன் அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தா கதை என்ன ஆயிருக்கும்? சாத்தான்குளத்துல 2020ல அப்பாவும் மகனும் செத்த கேஸும் அப்படித்தான், ஹைகோர்ட் மதுரை கிளை தானா கேஸ எடுத்து ஒரு மாஜிஸ்ட்ரேட்ட ஸ்டேஷனுக்கே அனுப்புச்சு, ராத்திரியோட ராத்திரியா ஒரு பெண் தலைமைக் காவலர் பயந்து பயந்து வாக்குமூலம் குடுத்தாங்க, மாநில போலீஸோட புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடி வந்து போலீஸ்காரங்கள அரெஸ்ட் பண்ணுச்சு, சிபிஐ அதுக்கப்புறம் தான் வந்துச்சு.

ஒரு பெரியவர் என்கிட்ட வந்தார், தேனிப் பக்கம், மகள் கேஸ். மஞ்சப்பைய கவுத்தார், 30க்கு மேல மனு ரசீது, ஜனாதிபதிக்கு அனுப்புன ரிஜிஸ்டர் தபால் அட்டை கூட இருந்துச்சு, எல்லாத்தையும் தேதிவாரியா நூல் போட்டு கட்டி வச்சிருந்தார். பிரேத பரிசோதனை ரிப்போர்ட் எங்க ஐயான்னேன். அது என்னங்கன்னார். மூணு வருஷம் அலைஞ்சிருக்கார், யாரும் அவர்கிட்ட அத வாங்குங்கன்னு சொல்லல. உங்க லெட்டர படிச்சப்ப எனக்கு அவர் ஞாபகம் தான் வந்துச்சு, நாலு பக்கத்துல எங்கயும் அந்த ரிப்போர்ட் பத்தி ஒரு வரி இல்ல.

தம்பிய எரிச்சாச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இனிமே பேப்பர் மட்டும் தான் தம்பிக்காக பேசும். ஜிஎச்ல பண்ணுன பிரேத பரிசோதனை ரிப்போர்ட், உறுப்புகள அனுப்பியிருந்தா தடய அறிவியல் துறையோட ரிப்போர்ட், ரெண்டையும் கோர்ட் மூலமாவோ ஸ்டேஷன் மூலமாவோ நகல் வாங்குங்க. அதுல பின்மண்டைக் காயம் சாகறதுக்கு முன்னாடி பட்டதா, அப்புறம் பட்டதான்னு டாக்டர் எழுதியிருப்பார். குடிச்சிருந்தான்னு சொன்னாங்களே, அது உறுப்புப் பரிசோதனையில தெரிஞ்சுரும், சாராயமே இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருந்தா இன்ஸ்பெக்டர் கதை அங்கயே அடிபட்டுப்போச்சு. டயாட்டம் டெஸ்ட் பண்ணாங்களான்னு பாருங்க. தண்ணியில இருக்குற ரொம்ப சின்ன பாசி அது, உயிரோட விழுந்து தண்ணிய குடிச்சு மூச்சுத்திணறி செத்தா ரத்தத்தோட போய் எலும்பு மஜ்ஜை வரைக்கும் சேரும், செத்த அப்புறம் தூக்கிப் போட்டா பொதுவா அப்படி போகாது. இது மட்டுமே கேஸ முடிவு பண்ணாது, ஆனா பண்ணவே இல்லைன்னா ஏன் பண்ணலன்னு கேக்க நமக்கு ஒரு பிடி.

போன். இது அவசரம், மத்ததெல்லாம் ரெண்டு வாரம் தள்ளலாம், இத தள்ள முடியாது. கால் ரெக்கார்ட செல் கம்பெனிங்க குறைஞ்சது ரெண்டு வருஷம் வைக்கணும்னு தான் விதி, அதுக்கு மேல அழிச்சுட்டா கேள்வி கேக்க முடியாது, உங்களுக்கு 14 மாசம் ஓடிருச்சு. அன்னைக்கு சாயங்காலம் யார் கூப்பிட்டாங்க, கடைசியா எந்த டவர்ல இருந்துச்சுங்கிறது தான் இந்த கேஸே. மில் கேட்ல இருந்த கேமரா பதிவு எல்லாம் எப்பவோ மேலயே பதிஞ்சு அழிஞ்சிருக்கும், அத விடுங்க.

வழி இப்படி. கேஸ மூடிட்டோம்னு உங்களுக்கு ஆர்சிஎஸ் நோட்டீஸ் குடுத்தாங்களா? குடுத்திருந்தா அந்த மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே ஆட்சேபணை மனு போட்டு மேல் விசாரணை கேக்கலாம். நோட்டீஸே வரலைன்னா, அதுவே நமக்கு ஒரு பாயிண்ட். எஸ்பிக்கு ஏற்கனவே மனு குடுத்திருக்கீங்க, ஆனா கைல குடுத்த மனு, அதனால புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பிஎன்எஸ்எஸ்) 173(4) பிரிவுன்னு போட்டு ரிஜிஸ்டர் தபால்ல இன்னொண்ணு அனுப்புங்க, அப்புறம் 175(3)ல அபிடவிட்டோட மாஜிஸ்ட்ரேட்கிட்ட போகலாம். கூடவே கால் ரெக்கார்ட பத்திரப்படுத்தச் சொல்லி ஒரு மனு. இத்தனையும் பண்ணி அசையலைன்னா மதுரை கிளையில ரிட் போடுவோம், அப்பவும் முதல்ல சிபிசிஐடிக்கோ வேற சரக டிஎஸ்பிக்கோ மாத்தச் சொல்லித்தான் கேப்போம், சிபிஐய மாற்றுக் கோரிக்கையா கடைசியில வைப்போம். எடுத்ததும் சிபிஐன்னு கேட்டா அரசு வக்கீல் எந்திரிச்சு அந்த 2010 தீர்ப்ப நீட்டுவார், அஞ்சு நிமிஷத்துல தள்ளுபடி ஆயிரும், அப்புறம் எங்க போனாலும் அந்த தள்ளுபடி முன்னாடி வந்து நிக்கும். வக்கீல் பீஸுக்கு யோசிக்காதீங்க, திண்டுக்கல் கோர்ட் வளாகத்துலயே இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமான உச்சவரம்பு பாக்க மாட்டாங்க.

லெட்டர்ல தம்பி நம்பர்னு ரெண்டு செல் நம்பர் குடுத்திருக்கீங்க. அன்னைக்கு போன் வந்தது எந்த நம்பருக்கு, அது யாரு பேர்ல வாங்குன சிம்முங்கிறத மட்டும் வீட்டுல கேட்டு உடனே எழுதுங்க.